அடுக்களையும் ஆய்வுகூடமும்: பூஞ்சணங்களுக்கு ஊட்டும் உணவு

புறநானூற்றுப் புலவருள் ஒருவராகிய பெருந்தலைச் சாத்தனார், தம் இல்லத்து வறுமையைக் குமண வள்ளலிடம் எடுத்துரைக்குமிடத்து, நெடுநாளாகச் சமையல் நிகழாத அடுப்பிலே காளான் முளைத்திருப்பதைச் சொல்லுகின்றார். காளானை அவர் 'ஆம்பி' என்னும் பழஞ்சொல்லாற் சுட்டுகின்றார். அப்பாட்டின் அவலத்தை உணர்ந்த மாணவன், சற்று நிதானித்து, வேறொரு வினாவையும் எழுப்பலாம்: வீட்டிலுள்ளோருக்கே உணவில்லாத அடுப்பில் ஆம்பிக்கு மட்டும் உணவு எங்கிருந்து வந்தது? ஈரமண்ணிற் கலந்து கிடக்கும் சருகும் விறகுத் துணுக்கும் அதற்குப் போதுமென்பதே விடை. மனிதனுக்கு உணவாகாதவற்றையும் உணவாக்கிக் கொள்ளும் ஆற்றல் அவ்வுயிர்க்கு உண்டு. அவ்வுயிர்க்கு வேண்டிய உணவை ஒரு கிண்ணத்தில் இட்டு, வேண்டியவாறு வளர்த்து ஆராயும் கலையைப் பற்றியே இக்கட்டுரை கூறப் புகுகின்றது.

ஆம்பி, காளான், பூஞ்சணம், பங்கசு என்னுஞ் சொற்கள் நம்மிடையே கலந்து வழங்குகின்றன. ஈண்டுப் பூஞ்சணம் என்பது, பாணிற் படரும் பச்சைப் பூஞ்சணம் முதல் கறிக்காகும் காளான் வரையுள்ள இனம் முழுவதையும் குறிப்பதாகக் கொள்க. அதனை வளர்ப்பதற்காக ஆக்கப்படும் உணவுக் கலவைக்கு வளர்ப்பூடகம் என்று பெயர். சுருங்கச் சொல்லின் ஊடகம்.

விஞ்ஞானங் கற்பிக்கும் பாடசாலைகள் பலவற்றில், ஊடகம் என்றாற் பிறநாட்டிலிருந்து போத்தலில் வரும் பொடி என்ற எண்ணமே நிலவுகின்றது. போத்தல் தீர்ந்தவுடன் செய்முறைப் பயிற்சியும் நின்றுவிடுகின்றது. மாணவர் பூஞ்சணத்தைப் படத்திற் பார்த்துப் பரீட்சை எழுதுகின்றனர். 1990களிற் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமுமே அரிதாயிருந்த வடபகுதியில் வாழ்ந்தோர்க்கும், 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றி மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாடே வரிசையில் நின்றதைக் கண்டோர்க்கும், கப்பலை நம்பிய கல்வி எத்துணை எளிதில் நின்றுவிடும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்பொடிகளின் பிறப்பிடம் அடுக்களையே என்பதும், நம் தோட்டத்துக் கிழங்கும் தானியமும் பயறும் அவற்றின் பணியிற் பெரும்பகுதியைச் செய்யவல்லன என்பதும், அங்ஙனஞ் செய்வதற்கு அளவும் ஒப்பீடும் இன்றியமையாதன என்பதும் இக்கட்டுரையாற் பெறப்படும்.

பூஞ்சணம் உண்ணும் வகை

பச்சைத் தாவரம் சூரிய ஒளிகொண்டு தன் உணவைத் தானே ஆக்கும். விலங்கு பிறிதொன்றை உண்டு வயிற்றினுள்ளே செரிக்கும். பூஞ்சணம் இவ்விரு வழியும் செல்வதன்று. நூலினும் மெல்லிய தன் இழைகளை உணவின்மீதும் உணவினுள்ளும் பரப்பி, நொதியங்களை வெளியே சுரந்து, உணவை வெளியிலேயே செரிக்கச் செய்து, கரைந்த சத்தை உறிஞ்சிக் கொள்ளும். பூஞ்சணம் பிடித்த சோறு சிதைந்துபோவது இவ்வெளிச் செரிமானத்தின் விளைவேயாம்.

அதற்கு வேண்டுவன யாவை? முதலாவது, காபன் தரும் பொருள்: வெல்லம், மாப்பொருள், மரநார் முதலியன. இரண்டாவது, நைதரசன் தரும் பொருள்: புரதம், அமினோ அமிலம், அல்லது நைத்திரேற்று உப்பு. மூன்றாவது, பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம், கந்தகம் ஆகியவற்றின் உப்புக்களும், அணுவளவான இரும்பு போன்றவையும். நான்காவது, சில இனங்களுக்குத் தயமின் போன்ற உயிர்ச்சத்து. இவற்றோடு நீரும், காற்றும், சிறிதளவு புளிப்புத்தன்மையும் வேண்டும். புளிப்பு பெரும்பாலான பற்றீரியாக்களுக்கு ஒவ்வாது, பூஞ்சணத்துக்கு ஒக்கும். ஆதலாற் சற்றே புளிப்பான ஊடகம் விரும்பாத விருந்தினரை விலக்கவும் உதவுகின்றது.

இப்பட்டியலைப் படிக்கும் எவர்க்கும் ஒன்று தோன்றும். மாப்பொருள், புரதம், கனியுப்பு, உயிர்ச்சத்து ஆகிய நான்கும் சேர்ந்திருக்கும் பொருள்கள் நம் சமையற் பானைக்குட் செல்லும் கிழங்கும் தானியமும் பருப்புமே. ஆய்வாளர் முதன்முதல் அடுக்களையை நாடியதும் இதனாலேயே.

அடுக்களை தந்த ஊடகங்கள்

1881ஆம் ஆண்டில், ஜேர்மனியிலே றொபேட் கொக் என்னும் பேரறிஞர் நுண்ணுயிர்களை ஒன்றோடொன்று கலவாமற் பிரித்து வளர்க்கும் வழியை வெளியிட்டார். அவரது ஊடகங்களில் ஒன்று, அவித்துத் தூய கத்தியால் வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டு. மற்றொன்று, இறைச்சிச் சாற்றோடு செலற்றின் என்னும் விலங்குப் பசையைச் சேர்த்து உறையவைத்த கூழ். செலற்றினுக்கு இரு குறைகள் உண்டு. வெப்பம் மிகுந்தால் அது உருகிவிடும். அன்றியும், சில நுண்ணுயிர்கள் அதனையே செரித்து நீராக்கிவிடும்.

இக்குறையைத் தீர்த்தவர் பட்டம் பெற்ற விஞ்ஞானியல்லர்; ஓர் இல்லத்தரசி. கொக்கின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய வால்ற்றர் ஹெஸ்ஸே என்னும் மருத்துவரின் மனைவியார் ஃபன்னி ஹெஸ்ஸே, கோடைகாலத்திலும் உருகாத பழக்கூழ்களைச் செய்வதற்கு ஏகார் என்னும் கடற்பாசிப் பொருளைப் பயன்படுத்திவந்தார். யாவாவில் வாழ்ந்திருந்த ஒல்லாந்த நண்பர் வாயிலாக அவர் அதனை அறிந்திருந்தார். தம் கணவரின் ஊடகங்கள் உருகுவதைக் கண்டு, ஏகாரை இட்டுப் பார்க்கும்படி அவர் கூறினார். ஏகார் கொதிநிலைக்கு அண்மையில் உருகி, ஏறத்தாழ 40 பாகைக்குக் கீழே உறையும். ஒருமுறை உறைந்தபின் நம் நாட்டு வெயிலிலும் இளகாது. மிகச் சில நுண்ணுயிர்களே அதனைச் செரிக்கவல்லன. 1882இல் கொக் வெளியிட்ட காசநோய்க் கட்டுரையில் ஏகார் ஒரு வாக்கியத்தில் இடம்பெற்றது. அவ்வம்மையாரின் பெயரோ இடம்பெறவில்லை. மலாய் மக்களின் அடுக்களைப் பண்டம் ஒன்று, இவ்வாறு உலகத்து நுண்ணுயிர் ஆய்வுகூடங்களெங்கும் குடிபுகுந்தது.

பூஞ்சண ஆய்விற் பின்னர் வந்த ஊடகங்களுள் மூன்று பெரிதும் வழங்குவன. முதலாவது, உருளைக்கிழங்கு ஊடகம். 200 கிராம் உருளைக்கிழங்கை அவித்தெடுத்த சாறு, 20 கிராம் குளுக்கோசு, 15 முதல் 20 கிராம் ஏகார் ஆகியவற்றை நீரோடு சேர்த்து ஒரு லீற்றர் ஆக்குவதே அதன் முறை. இரண்டாவது, பிரான்சு தேசத்துத் தோல்நோய் மருத்துவர் சபூரோ, தேமல் படர்தாமரை போன்ற நோய்களை விளைக்கும் பூஞ்சணங்களை ஆராய்வதற்கு அமைத்தது. அது மோற்றோசு என்னும் வெல்லமும், புரதத்தை நொதியத்தாற் சிதைத்துப் பெறும் பெத்தோனும் கொண்டது. மூன்றாவது, சாபெக்கு-டொக்சு ஊடகம். அதிற் கிழங்கோ இறைச்சியோ இல்லை. சீனியும், சோடியம் நைத்திரேற்றும், நிறுத்திட்ட பிற உப்புக்களுமே உண்டு. முதலாவது சமையற்காரனின் ஊடகம் என்றால், மூன்றாவது இரசாயனவியலாளனின் ஊடகம். இவ்விரண்டற்கும் இடையேயுள்ள வேறுபாடு நினைவிற்கொள்ளத்தக்கது. பின்னதில் என்ன எவ்வளவு இருக்கின்றது என்பதை முற்றும் அறிவோம். முன்னதில் அறியாத பல பொருள்களும் கலந்திருக்கும்.

சோளம் தந்த பாடம்

அறியாத பொருள் கலந்திருப்பது குறையென்றே தோன்றும். ஆயின், அக்குறையே கோடானுகோடி உயிர்களைக் காத்த வரலாறும் உண்டு.

1928இல் அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். ஒக்ஸ்போட்டிலே புளோறியும் அவர்தம் குழுவினரும் அதனை மருந்தாக்க முயன்றனர். உப்புக்களாலான சாபெக்கு-டொக்சு ஊடகத்தோடு மதுவச் சாற்றையும் சேர்த்துப் பூஞ்சணத்தை வளர்த்தனர். விளைவோ மிகச் சிறிது. 1941 பெப்ரவரியில், கிருமி தொற்றிய பொலிசுக்காரர் ஒருவர்க்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. மருந்து போதாமையால், அவரது சிறுநீரிற் கழிந்த பெனிசிலினையும் மீட்டெடுத்து மீண்டும் ஏற்றினர். அவர் தேறிவந்தார், ஆனால் மருந்து தீர்ந்துபோயிற்று. மார்ச்சு மாதத்தில் அவர் இறந்தார். மருந்து நன்றெனத் தெரிந்தும், பூஞ்சணத்துக்கு ஏற்ற உணவு தெரியாமையால் ஓருயிர் போயிற்று.

அவ்வாண்டு நடுப்பகுதியிற் புளோறியும் ஹீற்லியும் அமெரிக்கா சென்றனர். இலினோய் மாநிலத்துப் பியோரியா நகரில் இருந்த அரசாங்க ஆய்வுகூடம், சோளம் முதலான விளைபொருள்களுக்குப் புதுப் பயன் காண்பதற்காக அமைந்தது. சோளத்திலிருந்து மா எடுக்கும் ஆலைகளில், மணிகளை ஊறவைத்த நீரைச் சுண்டவைத்தாற் கிடைக்கும் பழுப்புநிறக் கழிவுச் சாறு அங்கே நிரம்பக் கிடந்தது. அச்சாற்றை ஊடகத்திற் சேர்த்தபோது பெனிசிலின் விளைவு பன்மடங்கு பெருகியது. அமினோ அமிலங்களும் கனியுப்புக்களும் உயிர்ச்சத்துக்களும் அதிற் செறிந்திருந்தமை ஒரு காரணம். பெனிசிலின் மூலக்கூற்றை ஆக்குதற்கு வேண்டிய ஒரு பகுதிப் பொருளே அச்சாற்றில் இருந்தமை மற்றொரு காரணம். பின்னது, சேர்த்த பின்னரே ஆராய்ந்து அறியப்பட்டது.

சோளக் கழிவு சாபெக்கு ஊடகத்தினும் மலிவானது மட்டுமன்று. அப்பணிக்கு அதனினும் சிறந்ததுமாகும். தாவரப் பொருளாலாய ஊடகத்தை 'இல்லாதான் செய்யும் ஈடு' என்று இகழ்வோர்க்கு இவ்வரலாறே தக்க விடை. இன்றும் தாவர நோய் ஆய்வுகூடங்களில் ஓற்சு மா ஊடகமும், சோளமா ஊடகமும், கரற் ஊடகமும் நாள்தோறும் வழங்குகின்றன. உருளைக்கிழங்குப் பயிரை அழிக்கும் வெளிறல் நோய்க்குக் காரணமான உயிரியின் இனத்தை வளர்ப்பதற்கு, கடையில் விற்கும் காய்கறிச் சாறு ஒன்றையே உலகெங்கும் ஆய்வாளர் ஊடகமாக்குகின்றனர்.

நம் தோட்டத்துப் பொருள்கள்

வெப்பநாடுகளில் உருளைக்கிழங்குக்கு ஈடு தேடும் முயற்சி புதியதன்று. 1971இல் வெஸ்ற்ஸ்ரெயின், ஒக்காஃபர் என்னும் இருவர் மரவள்ளி, வள்ளிக்கிழங்கு, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றாலும் ஊடகம் ஆக்கி ஒப்பிட்டு எழுதினர். 2005இல் நைஜீரிய ஆய்வாளர் சோளம், இறுங்கு முதலிய தானியங்களை அடிப்படையாகக் கொண்ட ஊடகங்களை ஆராய்ந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளரும் 2011இலும் 2014இலும் இத்துறையிற் கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். பின்னைய கட்டுரை, புரதம் மிகுந்த பருப்பினங்களைக் கொண்டு பூஞ்சண ஊடகம் ஆக்குவதைப் பற்றியது. நம் ஊரவர் நம் ஊர்ப் பொருளைக்கொண்டு செய்த இவ்வாய்வுகளை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஈடு காண்பதன் தத்துவத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். பச்சை உருளைக்கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 2 கிராம் புரதம் உண்டு. மரவள்ளியில் ஏறத்தாழ 1 கிராம். உலர்ந்த பயற்றில் ஏறத்தாழ 24 கிராம். ஆகவே 200 கிராம் உருளைக்கிழங்கு 4 கிராம் புரதத்தைக் கொண்டதாக, அதே நிறையுடைய மரவள்ளி 2 கிராமே கொண்டிருக்கும். மாப்பொருளில் மரவள்ளிக்குக் குறைவில்லை, குறைவது நைதரசனே. 8 அல்லது 9 கிராம் பயற்றம்மாவைச் சேர்த்தால் அக்குறை நிரம்பும். அவித்த சாற்றில் இப்புரதம் முழுவதும் இறங்காதாயினும், எந்தப் பொருளில் எது குறைவு, அதனை எதனால் நிரப்பலாம் என்று சிந்திக்கும் நெறி இதுவே. சோற்றோடு பருப்பைச் சேர்த்து உண்ணும் நம் வழக்கத்திலும் இந்நெறியே அமைந்துள்ளது.

செய்முறையும் அரிதன்று. மரவள்ளியைத் தோலுரித்துத் துருவி, ஓரிரு மணி நேரம் விட்டுவைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் மூடாத பாத்திரத்தில் அவித்தல் வேண்டும். மரவள்ளியில் சயனைட்டு நஞ்சை வெளிவிடும் பொருள் உண்டு. துருவுதலால் அந்நஞ்சு பிரிந்து, அவித்தலால் ஆவியாகிப் போகும். சாற்றை மெல்லிய துணியில் வடித்து, பயற்றம்மாவைச் சேர்த்து, மீண்டும் கொதிக்கவைத்து வடிக்க. 20 கிராம் குளுக்கோசும் 15 கிராம் ஏகாரும் இட்டு, நீர் சேர்த்து ஒரு லீற்றர் ஆக்குக. பின்னர் அமுக்கத்தில் நீராவியடைக்கும் சமையற் கலத்தில், சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில், 121 பாகை வெப்பத்தில் 15 நிமிடம் வைத்தால் ஊடகம் கிருமியற்றதாகும். வெறுமனே கொதிக்கவைத்தல் போதாது; சில பற்றீரியாக்களின் வித்திகள் கொதிநீருக்கும் தப்பிப் பிழைக்கும்.

குளுக்கோசுக்குப் பதிலாகச் சீனியை இடலாமா என மாணவர் கேட்பர். பெரும்பாலான பூஞ்சணங்களுக்கு இடலாம். ஆயின், பாணிற் கறுப்புப் புள்ளிகளோடு வளரும் றைசோப்பசு இனத்துட் சிலவற்றுக்குச் சீனியைப் பிளக்கும் நொதியம் இல்லை. சீனி நிறைந்த கிண்ணத்திலும் அவை பட்டினி கிடக்கும். உண்பவன் இன்னான் என்று அறிந்தே உணவு இடல் வேண்டும்.

பாசியும் அதன் ஈடும்

உறையாத சாற்றிற் பூஞ்சணத்தை வளர்க்கலாம். ஆனாற் பிரித்து ஆராய்வதற்கு உறைந்த தளம் வேண்டும். அதற்கு ஏகாரே சிறந்தது. ஊடகச் செலவிற் பெரும்பங்கு கொள்வதும் அதுவே. இரண்டாம் உலகப் போரில் யப்பானிலிருந்து ஏகார் வருவது நின்றபோது, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா முதலிய நாடுகள் தத்தம் கடற்பாசிகளிலிருந்து அதனை எடுக்கத் தொடங்கின. 2015இல் மொறொக்கோ தன் பாசி அறுவடையைக் கட்டுப்படுத்தியபோது உலகத்து ஆய்வுகூடங்கள் மீண்டும் தட்டுப்பாட்டை உணர்ந்தன.

இவ்விடத்தில் ஒரு செய்தி குறிப்பிடற்பாலது. நம் கரைநீர்களில் வளரும் கிரசிலேரியா என்னும் செம்பாசி, பத்தொன்பதாம் நூற்றாண்டு மருந்து நூல்களில் 'இலங்கைப் பாசி' என்றும் 'யாழ்ப்பாணப் பாசி' என்றும் பெயர் பெற்றிருந்தது. புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட கடனீரேரி அதற்குப் பேர்போனது. அப்பாசியை நன்கு கழுவி வெயிலில் வெளுக்கவைத்து, நீரிற் கொதிக்கவைத்து வடித்தால் உறையும் கூழ் பெறலாம். அதன் உறுதி சந்தை ஏகாரினுங் குறைவு. காரத்தாற் பதப்படுத்தினால் உறுதி கூடும் என்பது இன்று நன்கறிந்த உண்மை.

மாப்பொருளையே கஞ்சியாகக் காய்ச்சி உறையவைத்தால் என்ன? சிலர் மரவள்ளி மாவாலும் சவ்வரிசியாலும் அங்ஙனம் முயன்றுள்ளனர். ஆயின், மாப்பொருளைச் செரிக்கும் பூஞ்சணம் தான் நிற்கும் தரையையே உண்டு நீராக்கிவிடும். செலற்றினுக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும். மருந்துக் கடையில் விற்கும் இசப்பகோல் உமியும் உறைபொருளாக ஆராயப்பட்டுள்ளது. அதன் கூழ் கலங்கலாயிருப்பினும் சில பணிகளுக்கு உதவும். கூழே வேண்டாத வழியும் உண்டு. அவித்த நெல்லிலோ இறுங்கிலோ குரக்கனிலோ நேரே பூஞ்சணத்தை வளர்க்கலாம். காளான் வளர்ப்போர் விதைக்கும் 'வித்து' இவ்வாறு தானியத்திற் படரவிட்ட பூஞ்சணமே. அவர்கள் நிரப்பும் பையைப் பாருங்கள்: மரத்தூள் காபனுக்கு, தவிடும் பயற்றம்மாவும் நைதரசனுக்கும் உயிர்ச்சத்துக்கும், கல்சியம் காபனேற்றும் மகனீசியம் சல்பேற்றும் கனியுப்புக்கு. ஆய்வுகூட ஊடகத்தின் இலக்கணம் முழுவதும் அந்தப் பைக்குள் அடங்கியிருக்கின்றது.

எல்லையும் எச்சரிக்கையும்

உள்ளூர் ஊடகம் எல்லாப் பணிக்கும் ஏற்றதென்று சொல்லின் அது மிகையாகும். பூஞ்சணத்தை இன்ன இனமென்று அடையாளங் காண்போர், நிறம், வித்தி, வளர்வேகம் ஆகியவற்றை நூல்களிற் கூறியவற்றோடு ஒப்பிடுகின்றனர். அந்நூல்கள் குறித்த ஊடகங்களில் வளர்த்தே எழுதப்பட்டன. வேறு ஊடகத்தில் அதே பூஞ்சணம் வேறு கோலங் கொள்ளும். இதனை நன்குணர்ந்த சபூரோ, வெல்லத்தையும் பெத்தோனையும் எப்போதும் ஒரே உற்பத்தியாளரிடமே பெறவேண்டுமென வற்புறுத்தினார். வைத்தியசாலையில் நோயாளியின் நோயை அறிவதற்கும், மருந்தின் வலிமையை அளப்பதற்கும் நியம ஊடகமே வேண்டும். அவ்விடத்திற் சிக்கனம் பார்த்தல் தகாது.

இரண்டாவது, தாவரப் பொருள் நிலையான தன்மையுடையதன்று. மாரியில் விளைந்த கிழங்கும் கோடையில் விளைந்த கிழங்கும் ஒன்றல்ல. இன்று பிடுங்கியதும் ஒரு கிழமை கிடந்ததும் ஒன்றல்ல. ஆகவே ஒரு பரிசோதனைக்கு வேண்டிய மா முழுவதையும் ஒரே தடவையில் உலர்த்தி இடித்து, அரித்து, கலந்து வைத்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, தாவரம் தன்னைத் தாக்க வரும் பூஞ்சணத்தை எதிர்க்கும் பொருள்களையும் தன்னுள் வைத்திருக்கும். உள்ளியும் மஞ்சளும் இதற்குத் தெரிந்த சான்றுகள். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கிலும் அத்தகைய நச்சுப்பொருள் உண்டு. பனம்பழக் களியிலுள்ள சப்போனின் வகைப் பொருள்கள் மதுவத்தின் வளர்ச்சியைத் தடுப்பதை இலங்கை ஆய்வாளர் காட்டியுள்ளனர். எனவே 'நம் பனையல்லவா' என்ற பற்று ஒன்றினாலேயே ஒரு பொருளை ஊடகத்துக்கு உகந்ததென்று கொள்ளலாகாது. வளர்த்துப் பார்த்தே துணிதல் வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணந் தெரியாது மாண்டன. ஆராய்ந்தபோது, தீனியிற் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த அஸ்பெர்ஜிலசு இனப் பூஞ்சணமொன்றின் நஞ்சே காரணமெனத் தெரியவந்தது. ஆகையால் மாணவர் கண்ட இடத்துப் பூஞ்சணத்தையெல்லாம் கிண்ணத்தில் வளர்த்தலாகாது. பாடசாலைக்கு மிக ஏற்றது உண்ணத்தகும் சிப்பிக்காளான். தூய காளான் ஒன்றைப் பிளந்து, உள்ளிருக்கும் வெண்டசையிற் சிறு துண்டை எடுத்து ஊடகத்தில் இட்டால் வெள்ளிழைகள் படரும். பிற பூஞ்சணம் புகுந்த கிண்ணத்தைத் திறவாது, அமுக்கக் கலத்தில் அவித்த பின்னரே எறிதல் வேண்டும்.

அளவே அறிவு

மாணவர் செய்யத்தக்க பரிசோதனை ஒன்றைக் கூறி அமைவேன். உருளைக்கிழங்கு ஊடகம், மரவள்ளி ஊடகம், மரவள்ளியும் பயறும் சேர்ந்த ஊடகம், சத்தெதுவுமில்லாத வெறும் ஏகார் என நான்கு வகை ஆக்குக. ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று கிண்ணம். ஒரே சிப்பிக்காளான் வளர்ப்பின் ஓரத்திலிருந்து ஒரே அளவான துண்டுகளை வெட்டி நடுவே வைக்க. நாள்தோறும் ஒரே வேளையில், ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரு விட்டங்களை அளந்து குறிக்க.

இங்கே ஒரு மயக்கம் காத்திருக்கின்றது. வெறும் ஏகாரிலும் இழைகள் படரக் காண்பீர்கள். சிலபோது வெகு தூரமும் படரும். பசித்த பூஞ்சணம் உணவைத் தேடி மெல்லிய இழைகளை நீள ஓட்டும்; உணவு நிறைந்த பூஞ்சணம் நின்ற இடத்திலே அடர்ந்து தடிக்கும். விட்டத்தை மட்டும் அளப்பவன் பசியை வளமென்று பிழைபட எண்ணுவான். ஆகவே அதே நான்கு வகையையும் ஏகாரின்றித் தெளிந்த சாறாகவும் ஆக்கி, ஒத்த அளவு சாற்றில் ஒத்த நாள்கள் பூஞ்சணத்தை வளர்த்து, வடித்து, உலர்த்தி, நிறுத்துப் பார்த்தல் வேண்டும். விட்டமும் நிறையும் ஒருங்கே நோக்கப்பட்டபோதுதான் எவ்வூடகம் நன்றென்று தீர்ப்புக் கூறலாம். எந்த ஊடகத்தையும் மற்றொன்றோடு ஒப்பிட்டு அளவாற் காட்டாதவரை, 'நன்றாக வளர்ந்தது' என்பது வெறும் சொல்லேயாகும்.

உலர்ந்த பூஞ்சணத்தின் நிறை கிராமின் சிறு பின்னமாகவே இருக்கும். அதனை நிறுக்கக் கடைத் தராசு உதவாது. இந்நன்னாளில் தாம் பயின்ற கல்லூரிக்கு ஏதேனும் உதவவேண்டுமென விழையும் பழைய மாணவர்க்கு ஆதலால் ஒரு விண்ணப்பம். ஊடகப் பொடி போத்தல் போத்தலாக வாங்கித் தந்தால் அது ஓரிரு தவணையிற் தீர்ந்துபோம். மில்லிகிராம் வரை நிறுக்கும் நல்ல தராசு ஒன்றும், உறுதியான அமுக்கக் கலமொன்றும் தருவீர்களாயின், கிழங்கையும் பயற்றையும் மாணவர் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்தே கொண்டுவருவர். கப்பல் வாராத ஆண்டிலும் அவர்தம் கிண்ணங்களிற் பூஞ்சணம் வளரும். அவர்தம் குறிப்பேடுகளில் அளவுகள் ஏறும்.